எட்டாம் வள்ளல் ஆற்றுப்படை

பெருநிறுவனத் தலைவர் பெருந்தகையே, சற்று நில்லுங்கள்! தங்கள் திருமுகம் ஏன் இப்படி வாடியிருக்கிறது? இந்தக் காலாண்டு லாபம் போன காலாண்டைவிட ஒரு பிடிகூட ஏறவில்லை என்ற பெருந்துயரம் அல்லவா தங்களை உருக்குலைத்திருக்கிறது? பங்குதாரர் முகத்தில் விழிக்க நாணி, தலைமையகத்தை எந்த ஊருக்குப் பெயர்ப்பது என்று தெரியாமல், சொந்த விமானத்தின் நிழலில் தனித்து நிற்கும் தங்களைக் கண்டால் கல்லும் கரையும்.

சங்க காலமாக இருந்தால், வறுமையுற்று வழியில் நிற்கும் பாணனைப் பரிசில் பெற்று மீளும் இன்னொரு பாணன் கண்டு, இன்ன நாட்டில் இன்ன வள்ளல் இருக்கிறான், இன்ன வழியே போ, இன்னது சொல்லிக் கேள் என்று ஆற்றுப்படுத்துவான். அந்த மரபில் தங்களை ஆற்றுப்படுத்த எனக்கு என்ன தகுதி என்று வினவுவீர்கள். நான் பரிசில் பெற்றவன் அல்லேன். நியூ ஜெர்சி எடிசனில் வீடு வாங்கி, சம்பளத்துக்கு ஒரு வரியும் வீட்டுக்கு ஒரு வரியும் கட்டி, நான் காட்டப்போகும் வள்ளலின் கருவூலம் வற்றாமல் காக்கும் பெரும்பேறு பெற்றவன். தண்ணீர் புறப்படும் இடத்திலேயே நிற்பதால், அது எந்தெந்த வாய்க்காலில் பாய்கிறது என்பது எனக்கு அத்துப்படி.

அமெரிக்கத் தொழிற்கொள்கை என்பது அவ்வள்ளலின் திருநாமம். கடையெழு வள்ளல்களைப் பள்ளியில் படித்து வியந்தோமே, அது அவரைக் காணாத அறியாமை. படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தேரைக் கொடுத்தான் பாரி. குளிரில் நடுங்கிய மயிலுக்குப் போர்வையைக் கொடுத்தான் பேகன். இல்லாதவருக்குக் கொடுப்பதில் என்ன திறமை இருக்கிறது? முல்லையால் தேர்தல் நிதி தர முடியுமா? மயிலால் தரகர் அமர்த்த முடியுமா? நம் எட்டாம் வள்ளல் அப்பிழையை ஒருநாளும் செய்ததில்லை. நூறு தேர் உடையவரைத் தேடிப் பிடித்து, நூற்றோராம் தேரை அவர் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார். அந்தத் தேருக்கு விலை கொடுத்தது முல்லை என்பது கூடுதல் சிறப்பு.

புறப்படுங்கள். முதலில் நியூ ஜெர்சியின் கேம்டன் நகருக்குச் செல்லுங்கள். டெலவேர் ஆற்றின் இக்கரையில், பிலடெல்பியாவுக்கு நேர் எதிரே இருக்கிறது. இந்நாட்டின் மிக ஏழ்மையான நகரங்களில் ஒன்று. ஏழையின் பெயரைச் சொல்லிச் செல்வருக்கு வழங்க இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்குமா? 2013-இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி கையெழுத்திட்ட பொருளாதார வாய்ப்புச் சட்டம் இவ்வூருக்கு அள்ளித் தந்தது. சட்டம் இயற்றிய முறையே ஓர் அற்புதம். வரைவில் ஒரு சட்ட நிறுவனத்தின் வழக்கறிஞர் திருத்தங்கள் செய்ததையும், அந்நிறுவனத்தின் கட்சிக்காரர்கள் பின்னர் அதே சட்டத்தால் பயன்பெற முனைந்ததையும் 2019-இல் நியூயார்க் டைம்ஸ் ஏடு விரித்து எழுதியது. பரிசில் பெறுவோரின் வக்கீலே பரிசில் பட்டியலையும் எழுதித் தரும்போது, வள்ளலின் வேலைப்பளு எவ்வளவு குறைந்துவிடுகிறது!

அணு உலைக் கருவிகள் செய்யும் ஹோல்டெக் நிறுவனத்துக்குப் பத்தாண்டுகளில் 26 கோடி டாலர் வரிச்சலுகை என்று முடிவாயிற்று. பதிலுக்கு 395 வேலைகள். அவற்றில் 160 ஏற்கெனவே அந்நிறுவனத்திலேயே இருந்த வேலைகள் என்பதைப் பார்க்கும்போது வள்ளலின் முன்யோசனை புலப்படும். இருக்கும் வேலைக்கே இன்னொரு முறை கொடுப்பவர் உலகில் எத்தனை பேர்? வகுத்துப் பார்த்தால் ஒரு வேலைக்கு ஆறரை லட்சம் டாலருக்கு மேல். அந்தப் பணத்தை அந்த 395 பேருக்கும் நேரே பிரித்துக் கொடுத்திருந்தால் ஒவ்வொருவரும் எடிசனில் என்னைவிடப் பெரிய வீடு வாங்கியிருப்பார்கள். அப்படிச் செய்திருந்தால் தொழில் எங்கே வளரும்? பிலடெல்பியாவின் 76-எர்ஸ் கூடைப்பந்து அணிக்கு 8.2 கோடி டாலர். ஆட்டம் அக்கரையில், பயிற்சி இக்கரையில். பந்து கூடையில் விழும் ஒவ்வொரு முறையும் புத்தாக்கம் பிறக்கிறது என்பதை உணராதவர்கள்தாம் குறை சொல்வார்கள்.

புத்தாக்கம் என்றதும் நினைவு வருகிறது. ஆராய்ச்சிக்கூடம், விஞ்ஞானி, காப்புரிமை என்று செலவழித்துக்கொண்டிராதீர்கள். நியூ ஜெர்சி உலகுக்கு அளித்த ஆகப்பெரிய நவீனக் கண்டுபிடிப்பு, வீட்டுச் சாமான் ஏற்றும் லாரி. சுபாரு நிறுவனம் செர்ரி ஹில்லில் இருந்து பக்கத்திலேயே இருக்கும் கேம்டனுக்கு வந்தது; 11.8 கோடி டாலர். அமெரிக்கன் வாட்டர் வூரீஸில் இருந்து அதே கேம்டனுக்கு வந்தது, 16.4 கோடி. இந்தச் சட்டத்துக்கும் முந்தைய நகரப் போக்குவரத்து மையச் சலுகையின் கீழ், பானசானிக் செகாகஸில் இருந்து சில மைல் தள்ளி நியூவார்க்குக்கு நகர்ந்து 10 கோடிக்கு மேல் பெற்றது. இவர்கள் எல்லோரையும் விஞ்சி நிற்பது புருடென்ஷியல் காப்பீட்டு நிறுவனம். நியூவார்க்கில் இருந்த அது, நியூவார்க்கிலேயே, சில தெரு தள்ளிப் புதிய கோபுரத்துக்குக் குடிபோனது. பெற்ற சலுகை 25 கோடி டாலர். அன்று அந்த ஊர்வலத்தை வந்து சேரும் வாசலில் இருந்து பார்த்திருந்தால் வேலைகள் உருவாகின்றன என்றும், கிளம்பும் வாசலில் இருந்து பார்த்திருந்தால் வேலைகள் அழிகின்றன என்றும் தோன்றியிருக்கும். வள்ளல் எப்போதும் ஒரு புறத்தில் இருந்தே பார்ப்பார். அது அவர் கருணை.

கேட்கும் முறை முக்கியம். "வருகிறேன்" என்று கேட்காதீர்கள். "போய்விடுவேன்" என்று கேளுங்கள். பென்சில்வேனியாவில் எங்கோ ஒரு கட்டடத்துக்கு வாடகை விசாரித்த தாள் ஒன்று கையில் இருந்தால் போதும். இந்த வித்தை தெரியாத பேதைகளையும் நான் கண்டதுண்டு. 2024 செப்டம்பரில் நம் ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்தை அங்கீகரிக்கச் சொல்லி ஒரு மாதத்துக்கும் மேலாக வேலைக்குப் போகாமல் பந்தலில் அமர்ந்திருந்தார்கள். பாவம், மெக்சிகோவுக்குப் போய்விடுவோம் என்று மிரட்டத் தெரியாதவர்கள். தெரிந்திருந்தால் பந்தலைப் பிரிக்கப் போலீசார் வந்திருக்கமாட்டார்கள்; அமைச்சர்கள் பொன்னாடையோடு வந்திருப்பார்கள்.

கணக்குக் கேட்பார்களோ என்று தாங்கள் அஞ்ச வேண்டாம். 2019 ஜனவரியில் மாநிலத் தணிக்கையாளர் நியூ ஜெர்சியின் சலுகைத் திட்டங்களைப் புரட்டிப் பார்த்தார். சுமார் 1,100 கோடி டாலருக்கு ஒப்புதல் தரப்பட்டிருந்தது. மாதிரிக்கு எடுத்துப் பார்த்த திட்டங்களில் ஏறத்தாழ 3,000 வேலைகள் உண்மையிலேயே உருவாயினவா, காக்கப்பட்டனவா என்பதற்குச் சான்றே இல்லை. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்பார்கள். வலக்கை கொடுப்பதை வலக்கையே அறியாத உன்னத நிலை இது. இவ்வளவு கொடுத்தும் மனம் நிறையாமல், அமேசானின் இரண்டாம் தலைமையகத்துக்காக நியூவார்க் நகரும் மாநிலமும் சேர்ந்து 700 கோடி டாலரைத் தட்டில் வைத்து நீட்டின. அமேசான் வரவில்லை. பெறுபவர் மறுத்ததால் வள்ளலுக்கு நேர்ந்த மனவேதனையை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது. அந்தப் பணம் தப்பித்ததே என்று மகிழ்ந்த அற்பர்களும் உண்டு. அவர்களுக்கும் ஆறுதல் உண்டு: 2024-இல் இம்மாநிலத்தின் சராசரி வீட்டு வரி ஆண்டுக்கு 10,000 டாலரைத் தாண்டி, நாட்டிலேயே முதலிடத்தில் நின்றது. இப்படி நாலு பேர் பெருமையாகப் பேசிக்கொள்ள வீட்டு உரிமையாளருக்கும் ஏதாவது வேண்டுமல்லவா?

ஆற்றுப்படை பாடுபவன் வழியில் உள்ள இடர்களையும் சொல்லியாக வேண்டும். நியூ ஜெர்சியை விட்டுப் போகுமுன் மர்ரே ஹில் என்றோர் இடம் வரும். அங்கே கண்ணை இறுக மூடிக்கொள்ளுங்கள். 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்த இடம் அது. அக்காலத்து அரசு எவ்வளவு கருமி தெரியுமா? பெல்லின் தாய் நிறுவனமான ஏடி அண்ட் டி தொலைபேசித் துறையை ஏறத்தாழ முழுவதும் கையில் வைத்திருந்தது. அதன் காலில் விழுந்து, "ஐயா, வேறு மாநிலத்துக்குப் போய்விடாதீர்கள்" என்று கெஞ்சுவதை விட்டுவிட்டு, அரசு அதன் மேல் ஏகபோக வழக்குப் போட்டது. 1956-இல் வந்த ஒப்பந்தத் தீர்ப்பின்படி நிறுவனத்தின் 7,820 காப்புரிமைகளை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்றாகிவிட்டது. கருவூலத்தில் இருந்து ஒரு காசோலைகூட எழுதப்படவில்லை. இதைவிடக் கொடுமை ஒரு தொழிலதிபருக்கு நேருமா?

அங்கே பிறந்த டிரான்சிஸ்டர் போன வழியையும் கேளுங்கள். டிரான்சிஸ்டர் உரிமத்தைப் பெல்லிடம் இருந்து வாங்கிய டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில், 1958-இல் ஜாக் கில்பி முதல் ஒருங்கிணைந்த மின்சுற்றைச் செய்து காட்டினார். டெக்சாஸின் சிப் தொழில் அப்படித் தொடங்கியது. பெல்லில் இருந்து கிளம்பிய விஞ்ஞானி ஷாக்லி 1956-இல் கலிபோர்னியாவின் மவுண்டன் வியூவில் கடை போட்டார். அவரோடு ஒத்துப்போகாமல் வெளியேறிய எண்மர் 1957-இல் ஃபேர்சைல்ட் நிறுவனத்தைத் தொடங்கினர். ஃபேர்சைல்டில் இருந்து வெளியேறியவர்கள் 1968-இல் இன்டெல்லைத் தொடங்கினர். இத்தனைக்கும் வழிவிட்டது கலிபோர்னியாவின் 1872-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று. வேலையை விட்டுப் போகிறவர் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்று முதலாளி எழுதி வாங்கினால் அது செல்லாது என்கிறது அச்சட்டம். அதற்கும் செலவு சுழியம். அரசு பணம் கொடுத்ததே இல்லையா என்றால், கொடுத்தது. எப்படி என்று கேட்டால் தங்களுக்கு அருவருப்பாக இருக்கும். அப்பல்லோ விண்கலத்துக்கும் மினிட்மேன் ஏவுகணைக்கும் சிப் வேண்டும் என்று கேட்டு, தரம் பார்த்து, பழுதானதைத் திருப்பி அனுப்பி, சரக்கு கைக்கு வந்த பிறகு விலை கொடுத்தது. சரக்கைப் பார்த்துக் காசு கொடுப்பது சந்தைக்கடைக்காரன் வழக்கம். அந்த இருண்ட காலம் போய், சொல்லைப் பார்த்துக் காசு கொடுக்கும் பொற்காலத்தில் நாம் வாழ்வது பூர்வ புண்ணியம்.

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்குப் போனால், 880 நெடுஞ்சாலை ஓரமாக ஃப்ரீமான்ட் நகரில் ஒரு மாபெரும் ஆலைக் கட்டடம் தெரியும். இன்று வேறு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஒருகாலத்தில் சொலிண்ட்ரா கோயில் கொண்டிருந்த இடம். விழுந்து வணங்குங்கள். குழாய் வடிவில் சூரிய மின்தகடு செய்த இந்நிறுவனத்துக்கு 2009 செப்டம்பரில் மத்திய அரசு 53.5 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் தந்தது. 2010 மார்ச்சில் நிறுவனத்தின் தணிக்கையாளர்களே, இது தொடர்ந்து நடக்குமா என்பதில் பலத்த ஐயம் இருக்கிறது என்று எழுதிவைத்தார்கள். அதற்கு இரண்டே மாதம் கழித்து, மே மாதம், அதிபர் பராக் ஒபாமா நேரில் எழுந்தருளி ஆலையைப் பாராட்டிப் பேசினார். கணக்கர் ஐயப்படும்போது கொற்றவன் நம்புகிறான் என்றால் அந்த நம்பிக்கையின் ஆழத்தை எந்த அளவுகோலால் அளப்பது? பாலிசிலிகான் விலை சரிந்து, சீனத்துத் தட்டைத் தகடுகள் மலிந்தன. 2011 ஆகஸ்ட் 31 அன்று சுமார் 1,100 தொழிலாளர்கள் காலையில் வேலைக்கு வந்து, வேலை இல்லை என்று கேட்டுத் திரும்பினார்கள்.

கோயிலின் கருவறை இனிமேல்தான். அதே ஆண்டு தொடக்கத்தில், தள்ளாடும் நிறுவனத்தில் தனியார் முதலீட்டாளர்கள் மேலும் 7.5 கோடி டாலர் போட முன்வந்தனர். ஒரே நிபந்தனை: நிறுவனம் கவிழ்ந்தால் அந்தப் பணம் முதலில் அவர்களுக்குத் திரும்ப வேண்டும், வரி கட்டியவர் பின்னால் நிற்க வேண்டும். அரசு ஒப்புக்கொண்டது. விருந்தினரை முதல் பந்தியில் அமர்த்தி, சோறு போட்ட வீட்டுக்காரரைக் கடைசியில் நிறுத்துவதுதானே பண்பாடு! கடைசிப் பந்தியில் இலையும் இல்லை என்பது வேறு விஷயம். மிஞ்சிய கண்ணாடிக் குழாய்கள் வீணாகவில்லை. பெர்க்லி பல்கலைக்கழகத் தாவரவியல் தோட்டத்தில் அவற்றைச் சுவரில் பதித்துக் கலைப்படைப்பாக வைத்தார்கள். 53.5 கோடி டாலரில் ஒரு நாட்டுக்குக் கலை வளர்த்த கொள்கை வரலாற்றில் வேறு உண்டா?

தொழிற்கொள்கைக்கு வெற்றியே இல்லையா என்று வம்பர் கேட்பார்கள். அதே ஃப்ரீமான்ட்டில் கார் ஆலை நடத்தும் டெஸ்லாவுக்கு, அதே மத்திய அரசு 2010 ஜனவரியில் 46.5 கோடி டாலர் கடன் தந்தது. டெஸ்லா வென்றது. 2013 மே மாதம், தவணைக்கு ஒன்பது ஆண்டுகள் முன்னதாகவே வட்டியோடு கடனை அடைத்தது. முன்கூட்டி அடைத்ததால், அரசுக்குக் கிடைத்திருக்கக்கூடிய பங்கு உரிமையும் அற்றுப்போனது. தோற்ற நிறுவனத்தின் நட்டம் நமக்கு, வென்ற நிறுவனத்தின் லாபம் உரிமையாளருக்கு. பேராசை என்ற சொல்லே வள்ளல் காதில் விழுந்ததில்லை. நன்றி மறவாத டெஸ்லா 2021 டிசம்பரில் தலைமையகத்தைப் பாலோ ஆல்டோவில் இருந்து ஆஸ்டினுக்கு மாற்றிக்கொண்டது. அங்கே டெல் வாயே பள்ளி மாவட்டம் அதற்கு முந்தைய ஆண்டே சுமார் 5 கோடி டாலர் வரிச்சலுகையோடு ஆரத்தித் தட்டை ஏந்திக் காத்திருந்தது.

பள்ளிக்கூடமா சலுகை தருகிறது என்று வியக்கிறீர்களா? டெக்சாஸ் மண்ணின் மகிமையே அதுதான். அங்கே கல்விச்சாலையும் வள்ளலாகும். 2001-இல் இருந்து 2022 வரை வரிச்சட்டத்தின் 313-ஆம் பிரிவு அம்மாநிலத்தில் செங்கோல் ஓச்சியது. அதன் நுட்பத்தைத் தாங்கள் அமைதியாக உட்கார்ந்து ரசிக்க வேண்டும். புதிய ஆலை எத்தனை நூறு கோடி பெறுமானமானாலும், பள்ளி வரிக்காகப் பத்தாண்டுகள் அதன் மதிப்பைச் சிறு தொகைக்கு மேல் கணக்கில் எடுப்பதில்லை. இதற்குக் கையுயர்த்தி ஒப்புதல் தருவது ஊர்ப் பள்ளி வாரியம். அதனால் பள்ளிக்கு வரவேண்டிய வருவாய் குறைந்தால் மாநிலக் கருவூலம் ஈடுகட்டும். நிறுவனமோ, தனக்கு மிச்சமானதில் ஒரு பங்கை அந்தப் பள்ளி மாவட்டத்துக்கே தனியாக எடுத்துக் கொடுக்கும். கையுயர்த்துபவருக்கு லாபம், கேட்பவருக்கு லாபம், அந்த அறையில் இல்லாத மற்றெல்லா டெக்சாஸ்காரருக்கும் செலவு. அர்த்தசாஸ்திரம் எழுதிய கௌடில்யர் இதைப் பார்த்திருந்தால் எழுத்தாணியைக் கீழே வைத்திருப்பார். இந்தச் சலுகை இல்லாவிட்டாலும் பத்தில் எட்டு ஒன்பது ஆலைகள் டெக்சாஸுக்கே வந்திருக்கும் என்று ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் நேதன் ஜென்சன் 2017-இல் கணக்கிட்டார். எப்படியும் வரப்போகிறவருக்கு வழிச்செலவு கொடுப்பது எவ்வளவு பெரிய உபசாரம் என்பதை ஆராய்ச்சியாளர் அறியமாட்டார்.

2022 இறுதியில் இப்பிரிவு காலாவதியாகும் என்றதும் மக்கள் தீபாவளி ரயிலுக்குக் கூடுவதுபோலக் கூடினார்கள் நிறுவனத்தார். 1996-இலேயே ஆஸ்டினில் கால்பதித்த சாம்சங் நிறுவனம், டெய்லர், மேனர் என்ற இரு பள்ளி மாவட்டங்களிலும் சேர்த்துப் பதினொரு ஆலைகளுக்கு விண்ணப்பம் போட்டது. மொத்தம் 19,200 கோடி டாலர் முதலீடு, சலுகை சுமார் 480 கோடி. இப்போதைக்குக் கட்டும் குறிப்பான திட்டம் எதுவும் இல்லை என்றும் நிறுவனமே சொன்னது. பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைப்பதைத்தான் நாம் கேட்டிருக்கிறோம். பிறக்காத பதினொரு பிள்ளைக்கும் சீர்வரிசை செய்த தாய்மாமனை இங்கேதான் காண்கிறோம். அதே மாநிலத்தில் மாணவர் ஒருவருக்கான அடிப்படை ஒதுக்கீடு 2019 முதல் 6,160 டாலரிலேயே நின்றது. விலைவாசி ஏறிக்கொண்டே போனது. 2025-இல் சட்டமன்றம் மனமிரங்கி அதை உயர்த்தியது. எவ்வளவு என்று கேட்பீர்கள். 55 டாலர். பிளானோவிலும் ஃபிரிஸ்கோவிலும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நம்மவர் அந்த 55 டாலரைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

டெய்லரில் சாம்சங் கட்டத் தொடங்கிய ஆலையையும் தரிசியுங்கள். சுமார் 17,000 பேர் வாழும் ஊர். 2021 நவம்பரில் 1,700 கோடி டாலர் ஆலை என்று அறிவித்தார்கள். வில்லியம்சன் மாவட்டம் முதல் பத்தாண்டுக்குச் சொத்து வரியில் 90 சதவிகிதமும், அடுத்த பத்தாண்டுக்கு 85 சதவிகிதமும் திருப்பித் தர இசைந்தது. ஆளுநரின் தொழில் ஊக்க நிதி 2.7 கோடி டாலர் தந்தது. 2024 ஏப்ரலில் மத்திய அரசு 640 கோடி வரை தருவதாகச் சொன்னது. நிறுவனம் திட்டத்தைச் சுருக்கவே டிசம்பரில் அது 474.5 கோடி ஆயிற்று. 2025-இல் மாநிலம் மேலும் 25 கோடி தந்தது. 2024-இல் உற்பத்தி தொடங்கும் என்ற வாக்கு 2026-க்குத் தள்ளிப்போனது. அவசரப்படுத்துவது வள்ளல்களுக்கு அழகன்று. டெக்சாஸ் தொழில் ஊக்க நிதியின் பெருமையை 2014-இல் மாநிலத் தணிக்கையாளரே பாடிவிட்டார். விண்ணப்பமே இல்லாமலும், நேரடியாக இத்தனை வேலை தருவேன் என்ற உறுதிமொழியே இல்லாமலும் 20 கோடி டாலருக்கு மேல் போயிருந்தது. கேட்டதையெல்லாம் கொடுத்தான் என்று கர்ணனைச் சொல்வார்கள். அவனுக்குத் தணிக்கை அறிக்கை உண்டா?

இன்டெல்லின் கதை சாண்டா கிளாராவில். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990-இல் இருந்து தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்க 15,200 கோடி டாலர் செலவழித்து, ஆலை கட்டக் காசின்றி நின்ற ஏழை நிறுவனம் அது. 2022 ஆகஸ்டில் வந்த சிப் சட்டம் 3,900 கோடி டாலரை ஆலைகளுக்கென்று ஒதுக்கியது. அதில் 850 கோடி வரை இன்டெல்லுக்கு என்று 2024 மார்ச்சில் அறிவித்தார்கள். ஆகஸ்டில் 15,000 பேரை வீட்டுக்கு அனுப்பப்போவதாக இன்டெல் அறிவித்தது. நவம்பரில் 786 கோடி உறுதியாயிற்று. ஆட்குறைப்புக்கும் ஆலை வளர்ப்புக்கும் இடையே இவ்வளவு இணக்கம் வேறெங்கும் காணக் கிடைக்காது. 2025 ஆகஸ்டில் அரசு மனம் மாறி, கொடுத்ததற்குப் பதில் ஏறத்தாழ 10 சதவிகிதப் பங்கை எடுத்துக்கொண்டது. சந்தையே தெய்வம் என்று அரைநூற்றாண்டு ஓதிய நாட்டில் அரசே பங்குதாரர் ஆன அதிசயத்தை என் வாழ்நாளில் பார்த்துவிட்டேன்.

வள்ளலின் மற்றொரு கையையும் பாடாவிட்டால் ஆற்றுப்படை நிறைவுறாது. 2030-க்குள் சிப் துறையில் 67,000 வேலைகளுக்கு ஆள் கிடைக்காமல் போகலாம் என்று அத்துறைச் சங்கமே எச்சரித்திருந்தது. ஆகவே 2025 செப்டம்பரில், வெளிநாட்டில் இருந்து புதிதாக எச்-1பி விசாவில் வரவிருக்கும் ஒவ்வொரு பொறியாளருக்கும் ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று ஆணை வந்தது. ஆலைக்குக் கொடுத்து, ஆலையை ஓட்டத் தெரிந்தவருக்கு விலை வைப்பது எத்தனை சமச்சீரான ஆட்சி! அதே மாதம் ஜார்ஜியாவில், ஊக்கத்தொகை கொடுத்து அழைத்துவந்த ஹூண்டாய், எல்ஜி பேட்டரி ஆலைத் தளத்தில் குடியேற்றத்துறை புகுந்து சுமார் 475 பேரைப் பிடித்தது. அவர்களில் 300-க்கும் மேற்பட்டோர் ஆலையை நிறுவ வந்த கொரியர்கள். ஆலை கட்ட இரும்பு வேண்டும் என்பதால் 2025 ஜூனில் இறக்குமதி இரும்புக்குத் தீர்வை 50 சதவிகிதம். ஆகஸ்டில் திருப்பூர் பனியனுக்கும் ஏறத்தாழ அதே மரியாதை. திருப்பூரில் ஆர்டர் நின்று எந்திரங்கள் அடங்கின. எடிசன் கடையில் விலை ஏறியது. இரு கரையிலும் ஒரே இனத்தார் இத்தனை ஒற்றுமையாகக் கஷ்டப்படுவது அரிதினும் அரிது.

ஆகவே பெருந்தகையே, கிளம்புங்கள். கையில் பொருள் வேண்டாம், கண்டுபிடிப்பு வேண்டாம், ஆலைக்கு வரைபடமும் அவசரமில்லை. வக்கீல் ஒருவர், தரகர் ஒருவர், பக்கத்து மாநிலத்தில் விசாரித்த வாடகைச் சீட்டு ஒன்று, இவ்வளவும் போதும். நியூ ஜெர்சியின் பழைய சட்டம் 2019-இல் காலாவதியானதே என்று மனம் தளராதீர்கள். 2021 ஜனவரியில் அதனினும் பெரிய புதுச்சட்டம் வந்துவிட்டது. டெக்சாஸின் 313-ஆம் பிரிவுக்கும் 2023-இல் வேறு பெயரில் மறுபிறவி கிடைத்துவிட்டது. வாசல் அடைபடாது.

தங்களோடு நானும் வந்து வள்ளலைக் கண்ணாரக் காண ஆசைதான். இயலாது. வருமான வரிக்கு ஏப்ரல் 15 கடைசி நாள். வீட்டு வரியின் அடுத்த தவணைக்கு மே 1.